மானின் மூக்கும் மனிதனின் புகையும்

ஒரு பிராணியைக் கொல்லும் பொருட்டு அதன் புலன்களை ஏமாற்றுதல் தனியானதொரு குற்றமா, அன்றிக் கொலையின் ஒரு பகுதியேயா? அவ்வேமாற்று அப்பிராணியின் துன்பத்தைக் குறைக்குமாயின் அதனைக் கருணை எனக் கூறலாமா? இவ்வினாக்கள் வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்வோர் சிலரிடம் உள்ள ஒரு வழக்கத்தினின்றும் எழுபவை. அவ்வழக்கத்தை முதலில் உள்ளவாறு அறிந்து, பின்னர் அதன் தர்மாதர்மத்தை ஆராய்வோம்.

மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா முதலிய மாநிலங்களின் காடுகளில் வெள்வால் மான் வாழ்கிறது. மறைந்திருந்து அதன் கண்ணை ஏய்க்கலாம்; அசையாதிருந்து அதன் காதை ஏய்க்கலாம்; மூக்கை ஏய்த்தல் எளிதன்று. நம் உடலின் வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைப்பதால் மனித மணம் உண்டாகிறது. காற்று அம்மணத்தைக் கொண்டு சேர்த்த கணமே மான் தன் வெண்மையான வாலை உயர்த்திக்கொண்டு ஓடிவிடும். ஆகவே தேர்ந்த வேட்டைக்காரர் காற்று தம் முகத்தில் படுமாறு அமர்வர். காலையில் வெயில் ஏற ஏறச் சரிவுகளில் காற்று மேலெழும். மாலையில் அது குளிர்ந்து பள்ளம் நோக்கி இறங்கும். இவற்றையெல்லாம் கணக்கிட்டே மரத்தில் பரண் கட்டுவர். இவ்வளவும் போதாதெனக் கருதுவோர் புகையை நாடுகின்றனர். தேனீ வளர்ப்போர் கையாளும் துருத்தி பொருத்திய தகரக் கருவியில் மரத்தூளையோ உலர்ந்த இலையையோ இட்டுக் கனலச் செய்து, சட்டை, தொப்பி, பாதரட்சை யாவற்றிற்கும் புகையூட்டிக்கொள்கின்றனர்.

இதனால் பயனுண்டா? மரம் கனலும்போது பீனால் வகைப் பொருள்கள் புகையில் எழுகின்றன. அவை நுண்ணுயிர்களை ஒடுக்கவல்லவை. மீனும் இறைச்சியும் புகையிட்டால் எளிதில் கெடாதிருப்பதற்கு அவையும் ஒரு காரணம். மேலும், ஊருக்கு அண்மையில் வாழும் மானுக்கு அடுப்புப் புகை புதியதன்று. ஆயினும் புகை மனித மணத்தை அழித்துவிடுவதில்லை. உடலும் மூச்சும் அதனைக் கணந்தோறும் புதிதாக வெளியிடுகின்றன. கடுமணப் பொருள்களுக்கிடையே ஒளித்துவைத்த ஒன்றை மோப்ப நாய் பிரித்தறிந்துவிடுகிறதன்றோ? மானும் கூரிய மோப்பமுடையதே. ஆதலின் புகையின் பயனைக் குறித்து வேட்டைக்காரரிடையிலேயே ஒருமித்த கருத்தில்லை.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. ஒருவனுடைய மணம் அவனுக்குத் தெரிவதில்லை. பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்த நம்மைப் போன்றோர் இதனை அறிவோம். உடையில் ஏறிய எந்திர எண்ணெய் மணத்தை நாம் உணர்வதில்லை. வாசலில் காத்திருக்கும் குழந்தை உணர்கிறது. நாம் யார் என்பதை நம் எதிரில் இருப்பவரே பல வேளைகளில் நன்கு அறிகிறார்.

புகையும் வேட்டையும் சேர்ந்த வழக்கம் இன்று தோன்றியதன்று. வட அமெரிக்கத் தொல்குடிகள் பலர் மான்தோலைப் பதப்படுத்திப் புகையூட்டி ஆடையாக்கினர். புகையூட்டிய தோல் நனைந்து காய்ந்தபின் விறைத்துப் போகாது என்பதே அதற்குக் காரணம். அடுப்பருகில் உறங்கி, அத்தோலையே உடுத்து வாழ்ந்தவனிடம் புகைமணம் இயல்பாகவே கலந்திருந்தது. அது அவன் வாழ்வின் மணம். இன்றைய வேட்டைக்காரனோ தன் வீட்டு மணத்தை ஒளிப்பதற்கென்றே புகையைப் பூசிக்கொள்கிறான். இருவர் மீதும் ஒரே புகை, எண்ணம் வேறு. எண்ணமே கர்மம் எனப் பகவான் புத்தர் போதித்ததை நாம் இங்கே நினைவு கூர்தல் வேண்டும்.

அவ்வெண்ணத்தைச் சீலத்தின் அளவுகோலால் அளப்போம். பொய்க்கு நான்கு உறுப்புகள் உண்டென உரையாசிரியர் வகுத்தனர்: பொருள் மெய்யல்லாதிருத்தல், ஏமாற்றும் எண்ணம், அதற்கேற்ற முயற்சி, மற்றவர் அதனை உணர்ந்துகொள்ளுதல். அம்முயற்சி வாயால் மட்டுமன்றி உடலாலும் நிகழலாம் என்பர். “இங்கே மனிதன் இல்லை” என்பதே புகை மானுக்குச் சொல்லும் செய்தி. மான் அதனை நம்பி அருகே வருகிறது. பொய்யின் வடிவம் இதில் நிறைந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் கனத்தது வேறொன்று. கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறப்பட்டுள்ளன: உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் மரணம் நேர்தல். புகை அந்நான்காவது உறுப்பைச் சேர்ந்தது. வில்லை வளைப்பதற்கு நெடுநேரம் முன்னரே, துருத்தியை அழுத்திய போதே, முயற்சி தொடங்கிவிட்டது.

“புலியும் புதரில் மறைந்தன்றோ பாய்கிறது? மறைதல் இயற்கையே” என்பர் சிலர். புலிக்கு வேறு உணவில்லை; தன் செயல் தகுமா என எண்ணிப் பார்க்கும் ஆற்றலும் இல்லை. மனிதனுக்கு அவ்வாற்றல் உண்டு. வேட்டைக்காரரே அதற்குச் சாட்சி. 1887ஆம் ஆண்டில் தியோடர் ரூஸ்வெல்ட் முதலியோர் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கழகமும், வில் வேட்டைக்காரருக்கென 1961ஆம் ஆண்டில் தோன்றிய போப் அண்டு யங் கழகமும் நேர்மையான வேட்டைக்கென நெறிகள் வகுத்துள்ளன. மோட்டார் வண்டியிலிருந்து சுடுதலும், தப்பியோட இயலாத வேலிக்குள் அடைத்துக் கொல்லுதலும் அந்நெறிக்கு மாறானவை. விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு வேண்டும் என்று அவர்கள் மனச்சாட்சியே கூறுகிறது. மூக்கே மானின் தலையாய காவல் என்றால், அக்காவலைக் குலைத்தல் அவ்வாய்ப்பைக் குறைப்பதாகாதா?

வேட்டைக்காரர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. அம்பு பெரும்பாலும் 20 அல்லது 30 கெஜத்துக்குள் எய்யப்படுவது. அருகில் நின்று நெஞ்சில் எய்தால் மான் விரைவில் உயிர்விடும்; தொலைவிலிருந்து தவறாக எய்தால் காயத்தோடு ஓடி நெடுநேரம் துடிக்கும். ஆகவே புகை துன்பத்தைக் குறைக்கிறது என்கின்றனர். மேலும், வரம்பற்ற வேட்டையால் 1900ஆம் ஆண்டையொட்டிச் சில லட்சங்களாகச் சுருங்கிய வெள்வால் மான்கள் இன்று ஏறத்தாழ 3 கோடியாகப் பெருகியுள்ளன. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பெருக்கத்துக்கு உதவியது. ஓநாய்கள் அற்றுப்போன பகுதிகளில் மான்கள் அளவுமீறிப் பெருகினால் காட்டின் இளமரங்கள் அழிகின்றன. கடுங்குளிரில் மான்களும் பட்டினியால் மடிகின்றன.

இவை பொய்யல்ல. துடிக்கவிட்டுக் கொல்வதினும் துடிக்காமல் கொல்வது மேல் என்பதை நாம் ஒப்புகிறோம். ஆனால் அக்கருணையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. புகைக்கு மயங்கி மான் அருகே வந்த பின்னும், குறி உறுதியாகாத வேளையில் அவன் அம்பை அடக்கி, வெறுங்கையோடு வீடு திரும்புவானா? திரும்புவானாயின் அவன் உள்ளத்தில் கருணை உண்டு. அப்போதும் கொலை கொலையே. கருணை அதன் கொடுமையைக் குறைத்ததேயன்றி, அதனை நற்செயலாக மாற்றிவிடவில்லை. திரும்பானாயின், கருணை என்ற சொல்லும் அவன் பூசிக்கொண்ட மற்றொரு புகையே.

அன்பர்களே, நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்துள்ளது. ஆகவே இது நம்மைத் தீண்டாத விஷயம் என எண்ணிவிட வேண்டா. ஞாயிறு காலையில் இறைச்சிக் கடையில் நிற்பவனுக்குப் புகை தேவையில்லை. ஆடு அவன் மணத்தை முகர்வதில்லை. அதன் கண்ணை அவன் காண்பதில்லை. தொலைவே அவனுக்குப் புகை. பரணில் அமர்ந்தவனாவது தான் கொல்லும் உயிரைக் கண்ணாரக் காண்கிறான். அவனை இகழுமுன் நம் தட்டையும் ஒருமுறை நோக்குவோமாக.

மனித மணம் எங்கும் மானை விரட்டுவதில்லை. ஜப்பானில் நாரா நகரின் பூங்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் மக்களிடையே உலவுகின்றன. பல நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்ட அம்மான்களை 1957ஆம் ஆண்டில் அந்நாட்டரசு இயற்கைச் சின்னமாக அறிவித்தது. அவை மனிதரை நாடிவந்து கையிலுள்ள தின்பண்டத்தை உண்கின்றன. தின்பண்டத்துக்காகவே வருகின்றன என்பீராயின், ஆம். ஆனால் அஞ்சும் பிராணி தின்பண்டத்துக்காகவும் கைக்கெட்டும் தூரத்தில் வாராது. மிச்சிகன் காட்டிலும் நாராப் பூங்காவிலும் வீசுவது ஒரே மனித மணந்தான். ஓரிடத்தில் அது மரணம் எனப் பொருள்படுகிறது. மற்றோரிடத்தில் அச்சமின்மை எனப் பொருள்படுகிறது. அப்பொருளை அதற்குத் தந்தவை மனிதனின் செயல்களே.

பகவான் முதன்முதல் தர்மத்தை உபதேசித்த இடம் இசிபதனத்து மான்வனம் என்பதை நாம் அறிவோம். உயிர்களுக்கு அச்சமின்மையை அளித்தலே அபயதானம். அதற்குப் பொருட்செல்வம் வேண்டுவதில்லை. ஏழைத் தொழிலாளியும் அளிக்கத்தக்க தானம் அது. ஒரு செயலைச் செய்யுமுன் நம்மை நாமே வினவுவோம்: “இதனால் பாதிக்கப்படும் உயிர் என்னை முழுமையாக அறிந்திருப்பினும் என் அருகில் நிற்குமா?” நிற்கும் எனில் அச்செயலை அச்சமின்றிச் செய்யலாம். நில்லாது எனில், புகையைத் தேடுவதை விடுத்து அச்செயலைத் திருத்துவோமாக.