மூன்றாவது எதற்கு?

எங்கள் வீட்டில் தட்டில் மூன்று தோசை வைக்க மாட்டார்கள். இரண்டு சாப்பிட்டவனுக்கு இன்னொன்று வேண்டுமென்றால் அதைப் பிய்த்து இரண்டு துண்டாக வைப்பார்கள், கணக்கு நாலாகிவிட்டதாம். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பினால் ஒருவர் பத்தடி முன்னால் போய்விட வேண்டும். அதே வீட்டில் கல்யாணம் என்றால் தாலிக்கு மூன்று முடிச்சு, அதில் நாத்தனாருக்கும் பங்கு. காலையில் குளித்தவுடன் மூன்று விரலால் நெற்றியில் மூன்று கோடு. பிள்ளையாரைச் சுற்றினாலும் மூன்று சுற்று. மூன்று நல்லதா கெட்டதா என்று முடிவுக்கே வராமல் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காலம் தள்ளியிருக்கிறது.

என்னால் அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. முக்கியக் காரணம், காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு வகைப் பட்டியல். மும்மூர்த்தி, திரித்துவம், மும்மணி என்று வரிசையாகப் போட்டு, ஆகவே எல்லா மதமும் ஒன்றே என்று முடித்து, கீழே ஒரு கும்பிடும் கை. நல்லெண்ணம்தான், ஆனால் சரக்கு இல்லை. மும்மூர்த்திகள் வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள். படைக்க, காக்க, அழிக்க என்று ஆளுக்கொரு இலாகா. கிறித்தவத் திரித்துவத்தில் அந்த இலாகாப் பிரிவினைக்கே இடமில்லை. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் மூன்று ஆட்கள், ஆனாலும் ஒரே கடவுள். 325-இல் நிசேயாவில் மகனைப் பற்றியும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் தூய ஆவியைப் பற்றியும் ஆயர்கள் கூடி வாதாடித்தான் அதை ஒரு வாசகத்துக்குள் அடக்க முடிந்தது. பௌத்தத்தின் மும்மணியிலோ கடவுளே இல்லை. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் கல்லறைக்குள் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒன்றோடொன்று பின்னிய மூன்று சுருள்களைச் செதுக்கினார்கள்; ஒரு எழுத்தும் எழுதிவைக்கவில்லை. இன்று அதைப் பச்சை குத்திக்கொள்பவர்கள் கன்னி, தாய், கிழவி என்று விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கம் பரவியதற்கு 1948-இல் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் எழுதிய புத்தகம்தான் பெரிய காரணம். கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பொருள் வேறு வேறு என்றால், இத்தனை பேர் ஏன் மூன்றில் வந்து நின்றார்கள்?

எனக்குத் தோன்றுவது இதுதான். மனிதனை மாட்டிவைக்கிற எண் இரண்டு. நீ அம்மா பக்கமா, பெண்டாட்டி பக்கமா? ஊரில் இருக்கப்போகிறாயா, வெளிநாடு போகிறாயா? சாமி உண்டா, இல்லையா? கேட்கிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல் என்று நெருக்குவார்கள். ஒன்றைச் சொன்னால் மற்றது பகையாகும். சொல்லாவிட்டால் இரண்டுமே பகையாகும். வாழ்க்கையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்விகள் எல்லாமே இந்த அச்சில் வார்த்தவை. அவற்றிலிருந்து வெளியே வந்தபோதெல்லாம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்ததாக நினைவில்லை. கேள்விக்குள் இல்லாத ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருக்கும்.

ஆனால் மூன்றாவது வந்தால் எல்லாம் சுபம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1908-இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் இதை அலசியிருக்கிறார். இரண்டு பேருக்கு இடையே மூன்றாமவன் நுழைந்தால் அவன் நடுவராக இருந்து சேர்த்துவைக்கலாம். இருவர் சண்டையில் குளிர் காயலாம். தானே சண்டையை மூட்டிவிட்டு இருவரையும் ஆளலாம். தெருவில் ஒரு வாரம் குடியிருந்தால் இந்த மூன்று பேரையும் பார்த்துவிடலாம். சேர்க்கிறவனும் பிரிக்கிறவனும் ஒரே நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. தாலிக்கு மூன்று முடிச்சும் தட்டுக்கு மூன்று ஆகாது என்பதும் ஒரே வீட்டில் குடியிருப்பதில் அப்படியொன்றும் முரண் இல்லையோ என்று இதைப் படித்த பிறகு தோன்றியது.

மூன்றாவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த விடை ஒரு படத்தில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்திரேய் ரூப்லியோவ் என்ற ரஷ்யத் துறவி பலகையில் தீட்டிய திரித்துவப் படம். நான் பார்த்ததெல்லாம் அச்சுப் படிகள்தான்; அதிலேயே மணிக்கணக்கில் உட்கார வைத்துவிடும். பைபிளின் முதல் நூலில் ஒரு கதை வருகிறது. மம்ரே என்ற இடத்தில், நல்ல வெயில் நேரத்தில், ஆபிரகாமின் கூடார வாசலுக்கு மூன்று அந்நியர் வருகிறார்கள். அவர் ஓடிப்போய் வரவேற்று, கன்றை அடித்து விருந்து வைக்கிறார். இந்தக் காட்சியைத் தீட்டிய முந்தைய ஓவியர்கள் பெரும்பாலும் ஆபிரகாமையும் சாராவையும் பரிமாறுகிற பரபரப்போடு சேர்த்தே வரைந்தார்கள். ரூப்லியோவ் அவர்களை எடுத்துவிட்டார். ஒரு மேசை, மேலே ஒற்றைக் கிண்ணம், சுற்றி மூன்று வானதூதர்கள். பின்னால் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு குன்று. அவ்வளவுதான்.

மூன்று முகமும் ஏறக்குறைய ஒரே முகம். யார் தந்தை, யார் மகன் என்று அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். மூவர் உடையிலும் எங்காவது ஒரு நீலம் இருக்கிறது. நடுவில் இருப்பவர் தலையைச் சாய்த்து நமக்கு இடப்பக்கம் இருப்பவரைப் பார்க்கிறார்; வலப்பக்கம் இருப்பவரும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறார். யாரும் பேசவில்லை. யாரும் நம்மைப் பார்க்கவும் இல்லை. ஆனால் மேசையின் முன்பக்கம், படம் பார்க்கிறவன் நிற்கும் பக்கம், ஆளில்லாமல் கிடக்கிறது. அது நமக்கான இடம் என்று பலர் எழுதிவிட்டார்கள். என் கண் போவது கிண்ணத்துக்கு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் இருவருக்குள் ஒன்று காதல் முற்றும், இல்லை சண்டை முற்றும். இங்கே எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது.

இதே திரித்துவத்தை ஐரோப்பாவில் சிலர் வேறு விதமாகவும் வரைந்திருக்கிறார்கள்: ஒரே தலை, அதில் மூன்று முகம், மூன்று மூக்கு, நான்கு கண். இறையியல்படி கணக்கு சரிதான், பார்க்கத்தான் பயமாக இருக்கும். 1628-இல் போப் எட்டாம் அர்பன் அந்த வகைப் படங்களுக்குத் தடை போட்டார். போப்புகள் போட்ட தடைகளில் நான் மனதாரக் கையெழுத்திடக்கூடியவை மிகக் குறைவு; இது ஒன்று. சேர்த்து ஒட்டிவிட்டால் ஒற்றுமை வந்துவிடாது.

ஒட்டியும் அழகாக வந்த இடம் ஒன்று உண்டு, மும்பைக்கு எதிரே கடலில். எலிபெண்டா குகையின் உள்சுவரில் மூன்று ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அந்த மூன்று முகச் சிலையை வழிகாட்டிகள் பலர் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்றுதான் காட்டுகிறார்கள். உண்மையில் மூன்றும் சிவனே. 6ஆம் நூற்றாண்டுச் சதாசிவ வடிவம். ஐந்து முகம் கொண்டவர். ஒன்று பாறைக்குப் பின்னால், ஒன்று மேலே, அவை செதுக்கப்படவில்லை. நமக்கு இடப்பக்கம் இருப்பது மீசையும் பாம்பும் முறைப்புமாக அகோர முகம். வலப்பக்கம் பெண்மை தோய்ந்த முகம், கையில் தாமரை மொட்டு. நடுவில் இருப்பவர் கண் மூடியிருக்கிறார். கோபத்தையும் கொஞ்சலையும் பாதிப் பாதியாகக் கலந்த முகம் இல்லை அது. அலுவலகத்தில் ஒரு தகராறை முடிக்கக் கையாளும் ‘நீ கொஞ்சம் இறங்கு, அவனும் கொஞ்சம் இறங்கட்டும்’ என்ற பேரத்தின் சாயலும் அதில் கிடையாது. இரண்டு பக்கமும் முழுசாக இருக்கட்டும் என்று விட்டுவிட்ட முகம். கோபமும் வேண்டும், கொஞ்சலும் வேண்டும். இரண்டும் தன்னுடையவை என்று தெரிந்தவன்தான் இப்படி உட்கார முடியும். ஐம்பது தாண்டியும் எனக்கு அது வாய்க்கவில்லை.

பௌத்தர்களும் சமணர்களும் மூன்றாவது இடத்தில் எதை வைத்தார்கள் என்பது இன்னொரு விஷயம். புத்தம், தம்மம் இரண்டையும் சரணடைந்தவனுக்கு மூன்றாவதாகச் சங்கத்தையும் சரணடையச் சொன்னார்கள். குரு பெரியவர், போதனை உயர்ந்தது, இரண்டிலும் சிக்கல் இல்லை. சங்கம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து குறட்டை விடுகிற, பொறாமைப்படுகிற மற்ற மனிதர்கள். அவர்களையும் அடைக்கலமாகக் கொள் என்பது லேசான நிபந்தனையா? சமணத்தின் மும்மணி நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம். முதல் இரண்டோடு நின்றுவிட்டவர்களால் ஒரு நாட்டையே நிரப்பலாம், நானும் அதில் குடிமகன். கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களின் தலைக்கு மேல் முக்குடை செதுக்கியிருக்கிறார்கள். மூன்று அடுக்காகக் குடை பிடித்தும் கீழே உட்கார்ந்திருப்பவர் உடம்பில் ஒரு துணி கிடையாது.

இத்தனை அழகாக யோசித்த மனிதர்கள்தான் அதே மூன்றுக்காக ஒருவரை ஒருவர் எரித்தார்கள். ரூப்லியோவின் அதே ரஷ்யாவில், 1653 முதல் திருச்சபைத் தலைவர் நீக்கோன் வழிபாட்டைத் திருத்தத் தொடங்கினார். அதுவரை இரண்டு விரலை நீட்டிச் சிலுவை அடையாளம் இட்டவர்கள் இனி மூன்று விரலைக் குவித்து இட வேண்டும். பழைய வழக்கத்தை விடாதவர்கள் மீது 1666-67 திருச்சபைக் கூட்டம் சாபம் போட்டது. மரோசவா என்ற பிரபுகுலப் பெண் பதவியும் சொத்தும் இழந்து, 1675-இல் நிலவறையில் பட்டினியால் செத்தாள். அவ்வக்கூம் என்ற குருவை 1682-இல் உயிரோடு கொளுத்தினார்கள். சூரிகோவ் என்ற ஓவியர் 1887-இல் தீட்டிய பெரிய ஓவியத்தில், சங்கிலி போட்ட மரோசவாவைப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துப் போகிறார்கள். அவள் கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டுகிறாள். கூட்டத்தில் ஒரு பரதேசி பனியில் உட்கார்ந்தபடி அதே இரண்டு விரலைத் திருப்பிக் காட்டுகிறான்.

அந்தக் கையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பழைய முறையில் நீட்டிய இரண்டு விரல் கிறிஸ்துவின் இரண்டு இயல்புகள், கடவுளும் மனிதனும். மடக்கிச் சேர்த்த கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் திரித்துவம். புதிய முறையில் குவித்த மூன்று விரல் திரித்துவம்; உள்ளங்கையில் மடங்கிய இரண்டு, அதே இரண்டு இயல்புகள். எந்தக் கையை எடுத்தாலும் மூன்றும் இருக்கிறது, இரண்டும் இருக்கிறது. நம்பிக்கையில் அரைவிரல் வித்தியாசம்கூட இல்லை. மூன்றை யார் வெளியே காட்டுவது, யார் உள்ளே மடக்குவது என்பதற்காகச் சிதையை மூட்டினார்கள். மாஸ்கோ திருச்சபை அந்தச் சாபத்தை நீக்கியது 1971-இல்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? வடகலை நாமம் புருவ நடுவில் தொடங்கும், தென்கலை நாமம் மூக்கின் மேல் பாதம் வைத்துத் தொடங்கும். இரண்டிலும் கோடு மூன்றுதான், அதற்காக நீதிமன்றப் படி ஏறியவர்கள் ஏராளம். அதைவிட என்னை உறுத்துவது சுசீந்திரம் கோவில். தாணு, மால், அயன் மூவரும் ஒரே லிங்கத்தில். அடி அயன், நடு மால், முடி தாணு என்பார்கள். சைவ வைணவச் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. அந்தக் கோவிலுக்குள் அல்ல, அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்காக 1926-இல் சத்தியாகிரகம் இருக்க வேண்டியிருந்தது. நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். கோவில் கதவு திறக்க 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. கருவறையில் மூன்றை ஒன்றாக்கியவர்கள் தெருவில் மறுபடியும் இரண்டுக்கே வந்துவிட்டார்கள்: நாம், அவர்கள்.

ஆகவே சின்னத்தை மட்டும் நம்பி எனக்குப் பயனில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மூன்றாவது எந்தச் சின்னத்திலும் இல்லை. கொங்குப் பக்கம் எங்கள் உறவில் அண்ணன் தம்பி இருவருக்குப் பொதுவாக ஒரு கூட்டுக் கிணறு. முறை வைத்து மோட்டார் ஓட்டுவதில் தகராறு. ஒரு கோடையில் பேச்சு முற்றி, மோட்டார் அறைக்கு அண்ணன் ஒரு பூட்டு, தம்பி ஒரு பூட்டு. இருவருமே தண்ணீர் எடுக்க முடியாது. பஞ்சாயத்துக்கு எங்கள் மாமா ஒருவரைக் கூப்பிட்டார்கள். வயர் யார் காசு, கரண்டு பில் யார் கட்டியது என்று இருவரும் ஆரம்பித்ததும் அவர் எழுந்து தோப்புக்கு நடந்தார். வேறு வழியில்லாமல் இருவரும் பின்னால் போனார்கள். மட்டை தொங்கிக் குரும்பை கொட்டிக் கிடந்த தென்னைகளில் ஒவ்வொன்றாகக் கையை வைத்து, “இது அப்பன் வெச்சதுங்களா, நீங்க வெச்சதுங்களா?” என்று மட்டும் கேட்டார். எல்லாம் அப்பன் வைத்ததுதான். வேறொன்றும் பேசவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே பூட்டு இரண்டும் கழன்றது. ஆனால் பங்காளிகள் முன்னால் தங்களைத் தோப்புக்குள் இழுத்துப்போய்த் தலைகுனிய வைத்துவிட்டார் என்று அண்ணனும் தம்பியும் மாமாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். விசேஷங்களில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வருத்தமாக இல்லையா மாமா என்று கேட்டேன். “என்னையத் திட்டறதுல ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கறாங்கல்லப்பா, அப்பறமென்ன?” என்றார்.