தஹாரத்தும் வைத்தியச் சுத்தமும்

"ஹஜ்ரத், அருவித் தண்ணி சுத்தந்தானே?"

சென்ற சாரல் காலத்தில் ஒருநாள், தென்காசியில் அஸருத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த நம்மிடம் முதியவர் ஒருவர் இவ்வாறு கேட்டார். "அதிலென்ன சந்தேகம் மாமா! மழையாக இறங்கி மலையிலிருந்து ஓடி வரும் நீர். தானும் தூயது, பிறவற்றையும் தூய்மையாக்கும்" என்றோம். மதரஸாவில் ஓதிய மஸ்அலாவின்படி விடை சரியானதே. ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்று நாம் கேட்கவில்லை. அன்பர்களே! அந்தக் குறையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

அப்பெரியவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, வயிற்று வழியே டயாலிசிஸ் நடந்து வருகிறது. வயிற்றறையின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்றால் போர்த்தப்பட்டுள்ளது. அடிவயிற்றில் பொருத்திய மிருதுவான குழாய் வழியே ஏறத்தாழ இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விடுகிறார்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அது தங்கியிருக்கையில், இரத்தத்திலுள்ள கழிவுகள் சவ்வைக் கடந்து அந்நீரில் சேர்கின்றன. பிறகு அதை வடித்துவிட்டுப் புதுநீர் ஏற்ற வேண்டும். நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை இதை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இந்நோயாளிகளுக்குரிய பைகளை வீடு தேடிக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. எனவே, டாக்டர் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்றிருந்த காரியத்தை இன்று வீட்டார் அனைவரும் அறிய வேண்டியதாயிற்று.

இதிலுள்ள அபாயம் யாது? குழாய் நுழையும் துவாரமும், பையை இணைக்கும் முனையும் கிருமிகளுக்கும் வாசலாகி விடலாம். நம் தோலில் சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமியே உள்ளே போய்விட்டால் சவ்வு அழற்சி கொள்ளும். அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. உயிர் தப்பினாலும் சவ்வு பழுதாகி, இச்சிகிச்சையே பயன்படாமற் போகலாம்.

நம் விடையைக் கேட்டுச் சென்ற பெரியவர், மறுநாள் பேரப்பிள்ளைகளோடு குற்றாலம் போய் அருவியில் நின்றார். துவாரத்தின் மேலிருந்த கட்டு நனைந்தது. வீடு திரும்பியவர் ஒளூச் செய்தார்; அதுவே கை கழுவியதற்குப் போதும் எனக் கருதிப் பை மாற்ற அமர்ந்தார். சில நாட்களில் வடிந்த நீர் கலங்கலாக வந்தது. வயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்து, அதே குழாய் வழியே கிருமிக்கு மருந்து செலுத்தினார்கள். அருவி நீராலோ, கையாலோ கிருமி புகுந்திருக்கலாம் என்றார் டாக்டர். அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் பிழைத்தார்.

அப்படியானால் அருவி நீர் தூயதன்று என்பதா? அல்லாஹ் தூய்மையாக்கிய நீரில் கிருமி உண்டென்று சொல்வது ஈமானுக்குக் குறைவா? இல்லை, சகோதரர்களே! தஹாரத் என்பது இபாதத்துக்குரிய ஹுக்மு. இந்நீரால் ஒளூக் கூடும், தொழுகை நிறைவேறும் என்பதே அதன் பொருள். திறந்த புண்ணுக்கு இந்நீர் தீங்கு செய்யாது என்பது அதன் பொருளன்று. பள்ளியின் ஹவுளு நீரும் அப்படியே. ஒளூவுக்கு அது போதும். பை மாற்றும் கைக்குப் போதாது. அதுபோலவே, சோப்பிட்டுக் கழுவிய கை பை மாற்றத் தகும். ஒளூவின்றித் தொழத் தகாது. ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்காது.

அபூதாவூதில் பதிவாகியுள்ள சம்பவமொன்று நம் நெஞ்சைச் சுடுகிறது. பிரயாணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய இடமுண்டா என்று தோழர்களைக் கேட்டார். நீர் இருக்கையில் இடமில்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றது அந்தப் பதிலே என்று கடிந்துகொண்டார்கள். அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றார்கள். கடுங்குளிர் இரவில் உயிருக்கஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களையோ, காரணம் கேட்டறிந்து புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை. உடலைக் காப்பதும் மார்க்கமே என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எனவே, வீட்டிலுள்ளோர் கவனிக்க: பை மாற்றுமுன் சோப்பால் நன்கு கழுவிக் கையை ஈரமறத் துடைக்க வேண்டும். வாயையும் மூக்கையும் மாஸ்க்கால் மூட வேண்டும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்த வேண்டும். நோய் விசாரிக்க வருவது ஸுன்னத்தானாலும், அந்த அரைமணி நேரம் வெளியே காத்திருப்பதே அந்த ஸுன்னத்தின் அழகு! வடிநீர் கலங்கினால் மறுநாளைக்கென்று தள்ளாமல், அந்தப் பையோடு உடனே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். அருவி, ஆறு, குளம் ஆகியவற்றில் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வயிறு ஒளூவின் உறுப்பன்று. ஆகவே ஒளூவுக்குக் குழாய் தடையில்லை. கடமையான குளிப்பில், கட்டின் மேல் மஸ்ஹு செய்வதா, தயம்மும் சேர்ப்பதா என்பதை அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது நோயையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆலிம்களாகிய நாமோ, அவர் சொல்லாவிட்டாலும் கேட்போமாக.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "குழாய் இருக்குன்னு நாந்தானே சொல்லலை, ஹஜ்ரத்" என்றார் அவர். அவருடைய பெருந்தன்மை அது. நம் பொறுப்பு அதனால் நீங்கி விடாது.

வல்ல நாயன் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், விடை சொல்வோருக்கு விளக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.