கையெழுத்து யாருடையது?

இலவசம் என்ற சொல் எவர்க்கும் இனிக்கும்; இல்லாதவன் செவியில் இன்னும் இனிக்கும். ஆனால் சொல்பவன் யார், அவனுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்பதன்றோ பகுத்தறிவு!

2015ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் இந்நாட்டில் 'ஃபிரீ பேசிக்ஸ்' என்றொரு திட்டத்தை நடத்திற்று. ரிலையன்ஸ் கைபேசி இணைப்புள்ளோர், அத்திட்டத்தில் இடம்பெற்ற இணையதளங்களை மட்டும் கட்டணமின்றிக் காணலாம். இடம்பெறுவதற்கான விதியை வகுத்தது யார்? அந்நிறுவனமே! வாயில் இலவசம், வாயிற்காவலனோ வணிகன்.

அவ்வாண்டு டிசம்பரில், தளத்துக்குத் தளம் கட்டணம் வேறுபடலாமா என்பது பற்றித் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்கள்முன் சில கேள்விகளை வைத்தது. எழுந்தது விளம்பரப் புயல்! நாளேடுகளில் முழுப்பக்க அறிவிப்புகள். தெருக்களில் பெரும் பலகைகள். ஏழை உழவனின் பெயரால் உருக்கமான வேண்டுகோள். ஃபேஸ்புக்கைத் திறந்தோர் கண்முன் ஆயத்த மடல் ஒன்று. பொத்தானை அழுத்தினால் போதும், அவர் பெயரால் ஆணையத்துக்குச் செல்லும். இலட்சக்கணக்கில் சென்றன. பிரித்துப் பார்த்த ஆணையம், கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் விடையில்லை என்றது. 2016 பிப்ரவரி 8 அன்று அத்தகைய கட்டண வேறுபாட்டுக்குத் தடை விதித்தது. சில நாட்களில் நிறுவனமும் திட்டத்தை இந்நாட்டில் கைவிட்டது.

இதில் பொய் எங்கே என்பர் சிலர். ஏதுமற்றவனுக்குச் சில தளங்களேனும் கிடைப்பது நன்றன்றோ என்பர். அவ்வாதத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அதை ஆணையத்தின் முன் நேராக எடுத்துரைக்க நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. கேள்வியைக் காட்டாமல் விடைக்குக் கையெழுத்துப் பெற்றார்களே, அதுதான் குற்றம். மனிதனின் பெயரை உள்ளே அழைத்துக்கொண்டு, அவன் அறிவை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

மணமேடையில் புரியாத மந்திரத்தை மணமகன் வாயில் ஏற்றிய முறையை நாம் எதற்காக எதிர்த்தோம்? தன் வாழ்வைப் பற்றிய உறுதிமொழியைத் தான் அறிந்து சொல்லவேண்டும் என்பதற்காகவன்றோ! அன்று மந்திரம், இன்று பொத்தான்.

தோழர்களே, இணையச் சமத்துவம் கோரிய இளைஞர்களும் ஆயத்த மடல் தந்தவர்களே. ஆணையத்தின் கேள்விகளுக்கு அம்மடல் விடை சொன்னது; வேற்றுமை பெரிதுதான். ஆயினும் அதைப் படிக்காமல் அனுப்பியவன் செய்ததும் அறிந்து அளித்த ஆதரவாகாது. நோக்கம் நல்லதென்பதால் அளவுகோலைச் சுருக்குவது நேர்மையன்று.

நாளை நாமும் கையெழுத்துக் கேட்டு வீதிக்கு வருவோம். தாளை நீட்டுமுன் கேள்வியைச் சொல்வோம். மாற்றார் வாதத்தையும் மறைக்காமல் சொல்வோம். கேட்டபின் ஒருவர் மறுத்தால் மதித்து விடைபெறுவோம். நூறு கையெழுத்து பத்தாகக் குறையலாம். குறையட்டும்! அந்தப் பத்தும் மக்களின் குரலாக இருக்கும். நம் குரலின் எதிரொலியாக இராது.