சிறை வாசலில் யார் நிற்கிறார்கள்?

புழல் மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வருபவரின் கையில் பெரும்பாலும் ஒரு பைதான் இருக்கும். உள்ளே போன அன்று உடுத்தியிருந்த துணியும், வேலை செய்திருந்தால் கொஞ்சம் கூலிப் பணமும் அதில் இருக்கும். சிலருக்காகத் தாயோ மனைவியோ வாசலில் காத்திருப்பார்கள். சிலருக்காக யாரும் வருவதில்லை. இன்னும் சிலரை அழைத்துப்போக மாலை, பட்டாசு, கார் சகிதம் பழைய கூட்டாளிகள் வந்து நிற்பார்கள். இந்த மூன்றாவது காட்சியைச் செய்தியில் பார்த்ததும் நமக்கு ஆத்திரம் வருகிறது. ‘இவனெல்லாம் எங்கே திருந்தப்போகிறான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஆனால் அன்றிரவு எங்கே படுப்பாய், நாளைக்கு எதைச் சாப்பிடுவாய் என்று அந்த மனிதனிடம் கேட்க வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை.

உள்ளே போய்வந்தவர் மறுபடியும் குற்றம் செய்து உள்ளே போகிறார். அந்த இரண்டாவது குற்றத்துக்கு யார் பொறுப்பு?

குணம்தான் காரணம் என்று ஊர் சொல்லும். இந்தப் பதிலை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே தெருவில், அதே வறுமையில் பிறந்த எத்தனையோ பேர் அடுத்தவர் பொருளைத் தொடாமல் உழைத்துப் பிழைக்கிறார்கள். வறுமைதான் திருடவைத்தது என்று சொல்லிவிட்டால் அவர்களின் நேர்மைக்கு மரியாதை இல்லாமல் போகும். தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணையும் மறக்கலாகாது. பல ஆண்டுகள் கழித்தும், பின்னால் பைக் சத்தம் கேட்டால் அவர் கை தானாகக் கழுத்துக்குப் போகும். இரண்டாவது குற்றம் நடக்கும்போது அப்படி இன்னொருவர் புதிதாகப் பாதிக்கப்படுகிறார். எனவே செய்தவரின் பொறுப்பு செய்தவருடையதே. அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் அவரை மனிதராக மதிக்காதவர்கள் ஆவோம்.

ஆனால் கணக்கு அதோடு முடிந்துவிடுவதில்லை. தண்டனைக்கு அளவு உண்டு. மூன்றாண்டு என்று நீதிபதி எழுதினால், இந்தக் குற்றத்துக்கு இவ்வளவுதான் கடன் என்று பொருள். மூன்றாண்டை முழுதாகக் கழித்தவர் அந்தக் கடனை அடைத்துவிட்டார். அடைத்த பிறகும் விடாமல் வசூலிப்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயர் இருக்கிறது: கந்துவட்டி. விடுதலையானவரிடம் சமூகம் வசூலிப்பது இதைத்தான். அந்த வட்டிக்குத் தவணையும் இல்லை, முடிவும் இல்லை.

‘கேடி’ என்ற வசைச்சொல் ‘கேடு’ என்பதிலிருந்து வந்ததாகத் தோன்றும். அறியப்பட்ட கொள்ளைக்காரர் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான கே.டி.தான் அது, காவல்துறைப் பதிவேட்டிலிருந்து தெருவுக்கு வந்த சொல். சரித்திரப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், அந்தப் பகுதியில் எங்கே பூட்டு உடைந்தாலும் முதலில் தட்டப்படுவது இவர் வீட்டுக் கதவுதான். துப்பு கிடைக்காத வழக்கில் பழைய ஆட்களிடமிருந்து விசாரணையைத் தொடங்குவதற்குக் காவலருக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் அந்த விசாரணை வேலை செய்யும் இடம் வரைக்கும் வந்துவிடுகிறது. இரண்டு முறை காக்கிச் சட்டை வந்து போனால், பட்டறை முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுத்து, ‘நாளையிலிருந்து வரவேணாம்பா’ என்று சொல்லிவிடுகிறார். அவரும் பிழைக்க வேண்டும் அல்லவா?

நன்னடத்தைப் பிணை என்று ஒன்று இருக்கிறது. ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அதை மீறியதாக முடிவானால், மிச்சமுள்ள காலத்துக்குச் சிறைக்குப் போக வேண்டும். அப்படிச் சிறைக்கு அனுப்பும் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடமே கொடுத்திருந்த அரசாணைகள் செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது நீதியின் பால பாடம். அதையே நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது. இது தவிர, மக்கள் ‘குண்டாஸ்’ என்று அழைக்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. கூலிப்படைகளை அடக்க அரசுக்குக் கடுமையான கருவி வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கருவி, செய்த குற்றத்தை விட்டுவிட்டு ஆளைத் துரத்தத் தொடங்கினால், திருந்தியவருக்கும் திருந்தாதவருக்கும் வேறுபாடே இராது. திருந்தினாலும் இதே கதிதான் என்றால் எதற்காக ஒருவர் திருந்த வேண்டும்?

ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டம் எழுதிய காலம் ஒன்று இருந்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்த மக்களைப் ‘பழக்கக் குற்றவாளி’ என்ற பெயரோடு பிணைத்திருந்த வரிகளோ பல மாநிலச் சிறை விதிகளில் தங்கிவிட்டன. சிறைக்குள் சாதி பார்த்து வேலையும் இடமும் ஒதுக்கும் விதிகளோடு சேர்த்து அவற்றையும் 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ‘இவன் இப்படித்தான், மாறமாட்டான்’ என்று ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது அநீதி என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அதே வாக்கியத்தை ஒற்றை மனிதரிடம் சொல்லும்போது மட்டும் அது நமக்கு நியாயமாகப் படுகிறது.

சிறைக்குள் போனவர் எல்லோரும் குற்றம் நிரூபிக்கப்பட்டவரும் அல்லர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு! பலருக்கு ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை. மோதிராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டு, வேறு மாவட்டத்துக்காரர் என்பதால் அவர் சகோதரரையும் ஜாமீன்தாரராக ஏற்க மறுத்தபோது, நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது 1978இல். ஏழைக்கு இன்னும் அந்தச் சிக்கல் தீரவில்லை. வழக்கில் விடுதலையே ஆனாலும் ‘உள்ளே போய்வந்தவர்’ என்ற பெயர் நிற்கிறது. குற்றம் செய்யாதவரிடமும் வட்டி வாங்குகிறோம்.

இந்தப் பெயர் எத்தனை பெரியவரையும் வாட்டும் என்பதற்கு வ.உ.சிதம்பரனாரே சான்று. வெள்ளையரை எதிர்த்துக் கப்பல் ஓட்டியவர், கோவைச் சிறையில் செக்கிழுத்தவர், 1912 டிசம்பரில் விடுதலையானார். தண்டனை பெற்றதால் வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. கற்ற தொழிலைச் செய்ய முடியாமல் சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பார்த்தார், வறுமை தீரவில்லை. பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. அவர் செய்தது நாட்டுத்தொண்டு. திருடியவரை அவரோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் தொழிலைத் திருப்பிக் கொடுத்த ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் அளவுக்கு அந்த உதவி பெரிதாக இருந்தது. நாடறிந்த தலைவருக்கே அப்படியென்றால், பெயர் தெரியாத ஒருவருக்கு?

சிறைக்குள் தொழில் கற்றுத்தருகிறார்கள். கோவையில் நெசவு, வேலூரில் காலணி, புழலில் ரொட்டி. கைதிகள் செய்த பொருள்கள் சிறைச் சந்தையில் ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் விற்கின்றன. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் அவர்களே பணம் வாங்கிப் போடுகிறார்கள். நாமும் நம்பிக் கொடுக்கிறோம். சென்னைப் புத்தகக் காட்சியில் கைதிகளுக்காகப் புத்தகம் திரட்டிய ‘கூண்டுக்குள் வானம்’ அரங்குக்கு ஆயிரக்கணக்கானோர் புத்தகம் கொடுத்தார்கள். இவையெல்லாம் நல்ல செயல்கள். ஆனால் உள்ளே இருக்கும் வரை அவர் சுட்ட ரொட்டியை விரும்பி வாங்கும் நாம், வெளியே வந்த பிறகு அவரைப் பேக்கரியில் வேலைக்குச் சேர்ப்பதில்லை. கம்பிக்குப் பின்னால் இருப்பவரிடம் இரக்கம் காட்டுவதில் நமக்குச் செலவு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிவர விரும்புபவரிடம் காட்டும்போதுதான் அது அறமாகிறது.

வீட்டு உரிமையாளர் தயங்குவதைக் குறை சொல்வது எளிது. அவர் வீட்டிலும் வயதுக்கு வந்த பெண் இருக்கலாம். வாழ்நாள் சேமிப்பை அந்த வீட்டில் போட்டிருக்கலாம். ஒரு கடைக்காரர், ஒரு நிறுவனம், ஒரு மாமனார் என்று ஒவ்வொருவரின் மறுப்பும் தனியே பார்த்தால் நியாயமானதாகவே தெரியும். ஆனால் மறுப்பு வாங்குபவர் ஒரே ஆள். நியாயமான ஐம்பது மறுப்புகளைக் கூட்டினால் எந்த நீதிபதியும் எழுதாத ஓர் ஆயுள் தண்டனை உருவாகிவிடுகிறது. அதை எழுதிய கை எது என்று தேடினால் கிடைக்காது. எல்லோரும் ஓர் எழுத்துதான் எழுதியிருப்போம்.

இப்படி எல்லோரும் சேர்ந்து இழைக்கும் தவறைத் தனிமனித தயவு மட்டும் சரிசெய்யாது; சட்டமும் அரசும் முன்வர வேண்டும். பழைய தண்டனையே இன்னொரு தண்டனையாகும் என்பது சட்டத்துக்குத் தெரியாததல்ல. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவருக்கு, குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு நீங்குகிறது. 2015ஆம் ஆண்டு இளையோர் நீதிச் சட்டம் சிறுவர்களுக்கு அதே பாதுகாப்பைத் தருகிறது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பெரும்பாலான பழைய தண்டனைகளைத் தீர்ந்துபோனவையாகக் கருதுகிறது. சிறைக்குப் போன இந்தியருக்கு அப்படி ஒரு விடிவு தரும் பொதுச் சட்டம் இங்கே வேண்டும். கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவருக்குப் போக வழி செய்ய வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மனமார நிறைவேற்றினால், வெளியே வருபவர் முதல் மாத வாடகைக்குக் கூட்டாளியிடம் கையேந்த மாட்டார்.

நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சாங்கானேர் திறந்தவெளிச் சிறையைப் பார்க்கலாம். 1960களிலிருந்து இயங்கும் அந்தச் சிறையில், கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள்கூடக் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். காலையில் ஊருக்குள் வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு நடத்திவிட்டு, மாலையில் பேர் சொல்லி அழைக்கும் நேரத்துக்குத் திரும்பி வருகிறார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவருவது உயர்ந்த மதில் அல்ல. இழக்க ஒரு வீடும் குடும்பமும் இருக்கிறதே, அதுதான்.

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்கு ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். என்ன வேண்டும் என்று கேட்ட சோழ மன்னனிடம், சிறையை அறச்சாலையாக்கித் தரும்படி கேட்டாள் துறவி மணிமேகலை. சிறைகளே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. ஆனால் சிறையின் வேலை முடியும் இடத்தில் அறத்தின் வேலை தொடங்க வேண்டும் என்று புரிந்துகொள்ள அந்தப் பெயர் போதும்.

இரண்டாவது குற்றத்தைச் செய்தவர் அதற்குப் பொறுப்பாளிதான். அவருக்கு மற்ற எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு அந்த ஒரு கதவை மட்டும் திறந்துவைத்தவர்களும் பொறுப்பாளிகளே. அவர் பங்கை நீதிமன்றம் தீர்மானிக்கும். நம் பங்கை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். உள்ளே போய்வந்த ஒருவர் வேலை கேட்டு வந்தால், ‘என்ன கேஸ்?’ என்பதுதான் நம் வாயில் முதலில் வரும் கேள்வி. அதற்குப் பதில் கேட்க வேண்டியவர் கேட்டாயிற்று, தண்டனையும் கொடுத்தாயிற்று. நாம் கேட்க வேண்டியது வேறு: ‘என்ன வேலை தெரியும்?’