கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய்யா?



வியாபாரம் செய்கிற விசுவாசிகள், விசேஷமாக வாலிபர்கள், அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "பிரதர், வாங்குறவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காததை நானா எதுக்குச் சொல்லணும்? அதுல பொய் எங்க இருக்கு?" நல்ல கேள்வி. இதை ஜெபத்தோடு யோசிக்க ஒரு பழைய கார் எனக்கு உதவி செய்தது.

எங்களிடம் 1986-ம் வருஷத்து அம்பாசிடர் ஒன்று இருந்தது, பெட்ரோல் வண்டி. அதை விற்கலாம் என்று தீர்மானித்திருந்த நேரத்தில், பழசாகிப்போன ரேடியேட்டர் ஹோஸ் விட்டுப்போய், தண்ணீர் இறங்கி, இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

மெக்கானிக் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லுகிறேன். இன்ஜினில் கீழே இருப்பது பிளாக். அதன்மேல் மூடி போல உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு. அதுதான் ஹெட் கேஸ்கட். அந்தத் தகட்டுக்கு ஒரு பக்கம் 2000 டிகிரிக்கு மேல் எரிகிற நெருப்பு, இன்னொரு பக்கம் 90 டிகிரி அளவில் ஓடுகிற தண்ணீர், பக்கத்திலேயே எண்ணெய். அக்கினி, தண்ணீர், எண்ணெய்! மூன்றும் நல்லவைதான். அதனதன் வழியில் போகும்வரைக்கும் வண்டி ஓடும். தகடு கிழிந்தால் ஒன்று மற்றொன்றின் இடத்துக்குள் நுழையும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகிவிடும்.

அப்போது ஒரு புரோக்கர் வந்து புத்தி சொன்னார். "அண்ணே, எதுக்கு ஹெட்டைக் கழட்டிக்கிட்டு? ஒரு டப்பா மருந்து ஊத்துங்க, ஓட்டை அடைச்சிக்கும். வண்டி காட்டுற அன்னைக்கு சூடேறாது. அதுக்கப்புறம் வாங்குனவன் பாடு." இப்படிப்பட்ட மருந்துகள் சிலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். அது சூட்டில் கண்ணாடி போல இறுகி ஓட்டையை மூடும். 2009-ல் அமெரிக்க அரசு பழைய கார்களைக் கழிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த இன்ஜின்கள் இனி ஒருபோதும் ஓடக்கூடாது என்று, ஆயிலை இறக்கிவிட்டு அதற்குப் பதிலாக ஊற்றி ஓட்டச் சொன்னதும் இதே சோடியம் சிலிகேட்தான்! மூடுகிற மருந்தே சாகடிக்கிற மருந்தும் ஆயிற்று. சிந்தியுங்கள், தேவ ஜனமே!

நானும் என் மைத்துனரும் வீட்டு முற்றத்திலேயே ஹெட்டை இறக்கினோம். இன்ஜின் நன்றாக ஆறினபின் தண்ணீரை இறக்கி, கார்புரேட்டரையும் ராக்கரையும் கழற்றினோம். எட்டு புஷ் ராடுகளையும் இடம் மாறாதபடி ஓர் அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தோம். நட்டுகளை ஓரத்திலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. ஆகையால் நனைத்துத்தான் சுரண்டினோம். பிறகு நேரான இரும்புப் பட்டையை ஹெட்டின்மேல் வைத்து ஃபீலர் கேஜால் பார்த்தபோது, ஹெட் வளைந்திருந்தது. எவ்வளவு? ஒரு தலைமுடி கனத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவு போதும், புதுக் கேஸ்கட்டும் மறுபடி போவதற்கு! பட்டறையில் கொடுத்து மட்டம் பிடித்து வாங்கினோம். ஹோஸை மாற்றினோம், ஆயிலை மாற்றினோம். நட்டுகளை இந்த முறை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்கினோம். கொஞ்ச தூரம் ஓடினபின் திரும்பவும் சரிபார்த்தோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், வண்டி சூடேறவில்லை.

இப்போதுதான் கேள்வி கூர்மையாகிறது. பழுது நீங்கிவிட்டது. இனி வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா? "நல்லா ஓடுற வண்டியை ஏன் நீங்களே கெடுத்துப் பேசுறீங்க?" என்றார் புரோக்கர்.

உலகச் சட்டம் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ம் பிரிவில், வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. ஒருவன் குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான், குறை அவனுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி அல்ல என்று அங்கே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆனால் அடுத்த உதாரணத்தைப் பாருங்கள். வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். அப்படியானால் குதிரையின் குறையைச் சொல்வது அவன் கடமை! சட்டமே ஒத்துக்கொள்ளுகிறது: மகள் என்றால் சொல்ல வேண்டும், அந்நியன் என்றால் விட்டுவிடலாம். எனக்குப் பிறன் யார் என்ற கேள்விக்கு நல்ல சமாரியனைக் காட்டினவர் (லூக். 10), அந்நியனையும் அந்த மகளின் இடத்தில் அல்லவா நிறுத்துகிறார்?

அனனியாவைப் பாருங்கள் (அப். 5). அதுவும் ஒரு விற்பனைதான். சப்பீராள் வாய் திறந்து பொய் சொன்னாள். அனனியாவோ பேசினதாக அந்தப் பகுதியில் ஒரு வார்த்தைகூட இல்லை. பணத்தைக் கொண்டுவந்து வைத்தான், அவ்வளவுதான். ஆனாலும் அவன் பொய் சொன்னான் என்று பேதுரு சொல்லுகிறான். மௌனமும் பேசும், பிரியமானவர்களே!

மோசேயின் பிரமாணம் இன்னும் தெளிவாயிருக்கிறது. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. அது முட்டுகிற மாடு என்று அவனுக்கு முன்னமே அறிவிக்கப்பட்டிருந்தும் கட்டிவைக்காமல் விட்டானானால், குற்றம் அவன்மேல் (யாத். 21:28,29). மாடு அதே மாடுதான். வித்தியாசம், அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதே. தெரிந்துகொண்ட நிமிஷத்திலிருந்து அது நம் பொறுப்பு.

அப்படியானால் ஒவ்வொரு கீறலையும் பட்டியல் போட வேண்டுமா? வேண்டாம். பெயிண்ட் போனதை அவரே கண்ணால் பார்ப்பார், டயர் தேய்ந்ததையும் பார்ப்பார். ஹெட்டைக் கழற்றினால் மட்டும் தெரியக்கூடியதை அவர் எப்படிப் பார்ப்பார்? அது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். ஒருதரம் சூடேறின இன்ஜினின் புது எஜமான் ரேடியேட்டர் தண்ணீரை அடிக்கடி பார்க்க வேண்டும், டெம்பரேச்சர் முள்ளைக் கவனிக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்லாவிட்டால் ராத்திரி நேரத்தில், குடும்பத்தோடு, நடுவழியில் நிற்கப்போவது அவர்தான்.

நான் சொன்னேன். கேட்டவுடனே இருவர் திரும்பிப் போனார்கள். மூன்றாவது வந்தவர் விலையைக் குறைத்து வாங்கினார். "ஆகையால் கர்த்தர் எனக்கு இரட்டிப்பாய்க் கொடுத்தார்" என்று சாட்சி சொல்ல என்னால் முடியாது. பணம் குறைவாகத்தான் வந்தது. உண்மைக்குக் கூலி கிடைத்தால்தான் உண்மை பேசுவோம் என்றால், அதுவும் ஒரு வியாபாரம்தானே?

எழுப்புதலுக்காக இரவெல்லாம் கதறி ஜெபிக்கிறோம். அக்கினி இறங்க வேண்டும், ஜீவத்தண்ணீர் பாய வேண்டும், அபிஷேக எண்ணெய் ஊற்றப்பட வேண்டும் என்று கேட்கிறோம். கேளுங்கள்! ஆனால் உண்மை என்ற மெல்லிய தகடு கிழிந்துபோன வாழ்க்கையில் இவை எப்படி நிற்கும்? சபையில் புகை நிறைய வரும், பயணம் நடக்காது.

இந்த வாரம் நீங்கள் விற்கப்போவது என்ன? வீடா, மாடா, பழைய ஸ்கூட்டரா? உங்களுக்கு மட்டும் தெரிந்த குறை எது? முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு, வாங்குகிறவர் உங்கள் மகளாயிருந்தால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே அவருக்குச் சொல்லுங்கள்.

பரிசுத்த பிதாவே, எங்கள் பேச்சை மட்டுமல்ல, எங்கள் மௌனத்தையும் பரிசுத்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.