கதை பட்ட கடன்

மோசமான தொடர் யாரையும் ஏமாற்றுவதில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே தன் தரத்தைச் சொல்லிவிடும்; அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஏமாற்றுவதற்கு ஒரு தகுதி வேண்டும். முதலில் நம்மை நம்பவைக்க வேண்டும்.

தமிழில் இந்தச் சொல்லே கொஞ்சம் வில்லங்கமானது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் ஏமாற்றம்தான். ஒருவன் பொய் சொல்லிப் பணத்தைப் பறித்துக்கொண்டு போனாலும் ஏமாந்தோம் என்றுதான் சொல்கிறோம். முதலாவதில் குற்றவாளி என்று யாரும் இல்லை, இரண்டாவதில் இருக்கிறான். நன்றாகத் தொடங்கிய ஒரு அனிமே தொடர் கடைசியில் சொதப்பும்போது "ஏமாத்திட்டானுங்கப்பா" என்கிறோமே, அது இந்த இரண்டில் எது? கதை சொல்பவன் கேட்பவனுக்கு உண்மையிலேயே ஏதாவது கடன்பட்டிருக்கிறானா?

பேரிலேயே வாக்குறுதியை வைத்திருக்கும் 'தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2019இல் அதன் முதல் பருவம் வந்தது. கிரேஸ் ஃபீல்ட் என்ற அநாதை இல்லம், அன்பான 'மாமா', நல்ல சாப்பாடு. பிறகு தெரியவருகிறது: அது இல்லமே இல்லை, பண்ணை. குழந்தைகள் அரக்கர்களுக்கு இறைச்சியாக வளர்க்கப்படுகிறார்கள். எம்மா, நார்மன், ரே என்ற மூன்று பதினொரு வயதுக் குழந்தைகளின் தப்பிக்கும் திட்டம்தான் 12 எபிசோடுகளும். பதற்றத்தில் நகம் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

ஆனால் என்னைப் பிடித்துவைத்தது அந்தப் பதற்றம் மட்டுமல்ல. அரக்கர்கள் ருசிக்காக மட்டும் மனிதர்களைத் தின்னவில்லை. தின்னாவிட்டால் அறிவும் உருவமும் சிதைந்து மிருகமாகிவிடுவார்கள். அவர்களுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அப்படியானால் உண்ணப்படுபவன் உண்பவனை வெறுக்கலாமா? அவன் இனத்தையே அழித்தால்தான் நான் பிழைப்பேன் என்றால், அழிப்பது நியாயமா? நார்மன் ஆம் என்கிறான். எம்மா முடியாது என்கிறாள். இரண்டு பேரையும் குறை சொல்ல முடியவில்லை. நல்ல கதை நம்மை நிறுத்தும் இடம் அதுதான்.

2021இல் வந்த இரண்டாம் பருவம் இந்தக் கேள்வியை என்ன செய்தது? மூல மங்காவில் மொத்தம் 181 அத்தியாயங்கள். முதல் பருவம் அதில் 37ஐ எடுத்துக்கொண்டது. மிச்சக் கதை முழுவதையும் இரண்டாம் பருவம் 11 எபிசோடுகளில் முடித்துவிட்டது. முஜிகா என்ற அரக்கப் பெண்ணின் இரத்தத்தைக் குடித்தால் மனித இறைச்சி தேவைப்படாது என்பது விடை. மங்காவிலும் அந்த இரத்தம் உண்டு, ஆனால் அங்கே அதைச் சென்றடைய நீண்ட வழி நடக்கவேண்டியிருந்தது. இங்கே நார்மனின் மனம் அவசர அவசரமாக மாறுகிறது. தீராத அறச்சிக்கலுக்கு ஒரு மருந்துச் சீட்டு. பிறகு வரிசையாகச் சில அசையாப் படங்கள், அவ்வளவுதான்.

"பட்ஜெட் இல்லை, நேரமில்லை, பாவம் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அசையாப் படங்களே குற்றமாகிவிடாது. 1995–96இல் வெளிவந்த 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' தொடரும் கடைசியில் நேர நெருக்கடியில் சிக்கியது. ராட்சத இயந்திரங்களின் போர் என்று 24 எபிசோடுகள் நம்மை இழுத்துவந்துவிட்டு, கடைசி இரண்டில் ஷின்ஜியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. போர் என்னவாயிற்று என்று சொல்லவே இல்லை. கோட்டோவியங்கள், புகைப்படங்கள், கேள்விகள். ரசிகர்கள் கொதித்தார்கள். 1997இல் இன்னொரு முடிவைத் திரைப்படமாக எடுக்கவேண்டி வந்தது.

எனக்கும் அந்த முடிவு எரிச்சல்தான். ஆனால் யாரோ என்னை மோசம் செய்த உணர்வு வரவில்லை. பிறரால் காயப்படுவேன் என்று தெரிந்தும் பிறரோடு வாழ்வது எப்படி என்பதுதான் ஷின்ஜியின் கேள்வி. கையில் நேரம் தீர்ந்தபிறகும் அன்னோ அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். கதையின் கடன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் விரும்பிய முடிவைத் தரவேண்டிய கடமை அதற்கு இல்லை. அது எழுப்பிய கேள்விக்கு அது விசுவாசமாக இருக்கவேண்டும். விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே நிற்கலாம், கேட்கவே இல்லை என்பதுபோல் நடிக்கக் கூடாது.

இந்தக் கடன் எவ்வளவு கனமானது என்பது 'ஒண்டர் எக் ப்ரையாரிட்டி' பார்த்தபோதுதான் உறைத்தது. அதுவும் 2021தான். தோழியைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஆய் என்ற பதினான்கு வயதுச் சிறுமி, கனவில் ஒவ்வொரு முட்டையாக உடைக்கிறாள். உள்ளிருந்து தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண் வெளிவருகிறாள். அவளை வதைத்தவர்கள் அரக்க உருவில் துரத்துகிறார்கள். அவள் ஏன் செத்தாள் என்பதை அவள் வாயாலேயே கேட்கவைத்தது அந்தத் தொடர். இவ்வளவு அழகான ஓவியத்தில் இவ்வளவு கசப்பான உண்மையா என்று வியந்தேன்.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃப்ரில் என்ற செயற்கை அறிவுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்து, அவள்தான் பெண்களைச் சாவை நோக்கி ஈர்க்கிறாள் என்பதாகக் கதையைத் திருப்பினார்கள். அட, அப்படியானால் வதைத்தவர்களின் பங்கு என்ன? அத்தனை பெண்களும் சொன்ன காரணங்கள் எங்கே போயின? இங்கே ஏமாந்தது நான் மட்டுமல்ல. சாட்சி சொல்ல அழைத்துவந்த இறந்தவர்களைக் கூண்டிலிருந்து பாதியில் இறக்கிவிட்டார்கள். அரக்கர் கதையில் கேள்வியைக் கைவிடுவது கலைக்குறை. நிஜமாகவே குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் கைவிடுவது அறக்குறை.

சரி, யாரிடம் வசூலிப்பது? சிக்கல் இங்கேதான். நான் வருந்திய இந்த இரண்டு தொடர்களையும் 2021இன் தொடக்கத்தில், ஒரே பருவத்தில் தயாரித்தது ஒரே ஸ்டூடியோ. மூன்றாவது தொடர் ஒன்றும் அதே சமயம் அதன் கையில் இருந்தது. ஒண்டர் எக்கின் எட்டாவது எபிசோடு பழைய காட்சிகளின் தொகுப்பாகிப்போனது; முடிவுப் பகுதி ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. ஜப்பானில் பெரும்பாலான அனிமேக்களுக்குப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம் எல்லாம் சேர்ந்த தயாரிப்புக் குழு பணம் போடுகிறது. வரைகிறவர்களில் பலர் படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள். வாக்குக் கொடுப்பது ஒருவர், அதைக் காப்பாற்ற ராத்திரி முழுக்க முழித்திருப்பது இன்னொருவர். கோபத்தில் நாம் எறியும் கல் பெரும்பாலும் முழித்திருப்பவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே கடன் உண்டு, ஆனால் கழுத்தைப் பிடித்து வசூலிக்க முடியாத கடன். பார்வையாளனுக்கு இருக்கும் உரிமை, நடந்தது இன்னதென்று சரியாகச் சொல்வது. "குப்பை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால், முதல் பாதியில் அந்தப் பெண்கள் பேசியதையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம். கடைசி எபிசோடுக்கு அவர்கள் சொன்னதை அழிக்கும் சக்தி இல்லை. அதற்கு அந்தச் சக்தியைக் கொடுப்பது நாம்தான்.

யாராவது கேட்டால் இப்போதும் சொல்கிறேன்: "முதல் ஏழு எபிசோடு கட்டாயம் பாரு. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."