வேதனையைச் சொல்வது ஸப்ருக்கு மாற்றமா?

நம் நெல்லிக்குப்பத்திலிருந்து தொடையெலும்பு முறிந்தோ, முழங்கால் தேய்ந்தோ ஆபரேஷனுக்காகக் கடலூருக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் செல்வோர் பலர். அவர்களில் பெரும்பாலோருக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்கிறார்கள். பிறகும் வலி தெரியாதிருக்க அந்த ஊசியிலேயே சிறிதளவு மார்பின் சேர்ப்பதும் உண்டு. வலி அடங்குகிறது. ஆனால் உடம்பு அரிக்கிறது, குமட்டுகிறது, சிறுநீர் பிரியாமல் கட்டிக் கொள்கிறது. அப்போது நம் பெரியவர்களில், குறிப்பாகத் தாய்மார்களில் பலர் வாய் திறப்பதில்லை. அல்லாஹ் தந்தது, ஸப்ர் செய்கிறேன் என்று இருந்து விடுகிறார்கள். இதுதான் ஸப்ரா?

வலியைத் தாங்குவதே மேல் என்போர் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களை எடுத்துக் காட்டுவார்கள். அழுகிய காலை அறுத்தெடுக்கும் வேளையில் மயக்கம் தரும் பானத்தை அவர்கள் மறுத்தார்கள் என்பது வரலாறு. ஆனால் அறிவை மயக்கி, இறைவனின் நினைவை மறக்கடிக்கும் என்பதாலேயே மறுத்தார்கள். முதுகு ஊசியோ காலை மரக்கச் செய்கிறதே தவிர அறிவைப் பறிப்பதில்லை. நாவு திக்ரு செய்து கொண்டிருக்கலாம்.

இம்முறையை 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆபரேஷனுக்குப் பயன்படுத்திய ஆகஸ்ட் பியர் என்னும் மருத்துவர், தம் உடம்பிலும் அதைச் சோதித்துப் பல நாட்கள் தலைவலியால் படுத்திருந்தார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். முதுகுத்தண்டு நீர் கசிவதால் வரும் அத்தலைவலி எழுந்தால் கூடும், படுத்தால் குறையும். அதைக் குறைக்கவே இன்று மெல்லிய ஊசிகள் வந்துள்ளன. ஒருவர் தம் வேதனையைச் சொன்னதால் எத்தனை பேருக்கு நன்மை!

அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை ரப்பிடம் முறையிட்டார்கள். அவர்களைப் பொறுமையாளர் என்றே குர்ஆன் புகழ்கிறது. ரப்பிடம் சொல்வது வேறு, மனிதரிடம் சொல்வது வேறு என்பீர்கள். நாயகம் (ஸல்) அவர்களே தம் தலை வலிப்பதை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னதாக புகாரியில் வருகிறதே! விதியை நொந்து புலம்புவதுதான் ஸப்ருக்கு மாற்றம். வைத்தியரிடம் நிலையை விளக்குவது புலம்பலாகாது. உடம்பு அமானிதம், அமானிதத்தின் நிலையை மறைப்பது முறையன்று.

அரிப்புக்கும் குமட்டலுக்கும் மருந்துண்டு. சிறுநீர் கட்டினால் குழாய் வைத்து எடுப்பார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மூத்திரப்பை கெடும். மரப்பு நீங்கும் முன் துணையின்றி எழுந்தால் கீழே விழ நேரும். நீங்கிய மரப்பு மீண்டும் கூடினாலும், கால் பலமிழந்தாலும் உடனே சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்றுண்டு. அரிதாக, மார்பினால் பல மணி நேரம் கழித்தும் மூச்சு மந்தமாகலாம். அப்போது நோயாளியால் சொல்ல முடியாது. நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாமல், எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவானால் நர்ஸை உடனே அழைப்பது அருகிருப்போர் கடமை.

தொழுகையிலும் இவ்வாறே. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாமென்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். சிறுநீர்க் குழாயும் கட்டும் இருக்கையில் ஒளூ எப்படி, தயம்மும் எப்போது என்பதைத் தத்தம் மத்ஹபு ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். தலையில் காயம்பட்ட ஒருவரைத் தோழர்கள் அறியாமல் குளிக்கச் சொல்ல, அவர் இறந்து போனார். தெரியாதவர்கள் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்கும் பாடமாகும்.

உள்ளத்தால் பொருந்திக் கொள்வோம். நாவால் உண்மையைச் சொல்வோம். பிணியுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.